பாயின்ட் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் ஜிபிஎஸ்ஸைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நடந்து நான்கு மாதம் ஆகிறது. போகட்டும் என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் அதே ஆள் அதே வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறார் என்று போன மாதம் தெரிந்ததால் எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன். வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே அடையாளம் தெரியும்.

இணையத்தில் மீன்பிடி பாயின்ட்கள், அதாவது கடலில் மீன் கிடைக்கும் இடங்களின் ஜிபிஎஸ் எண்கள், விற்பனைக்கு வருவது தெரிந்ததுதான். பணம் கட்டினால் அவற்றை அடுக்கிய ஒரு ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் குறிகளுக்கான பொதுவகை) கோப்பு கைக்கு வரும். எனக்கு வந்ததில் ஆயிரத்துச் சொச்சம் வேபாயின்ட், அதாவது குறி. மெமரி கார்டில் போட்டுப் படகுக் கருவியில் செருகினேன், கருவி கண்டுகொள்ளவே இல்லை. என்னுடையது பழைய மாடல். ஜிபிஎக்ஸை நேரடியாகப் படிக்காது. தன் சொந்த வகைக் கோப்பாக மாற்றி, கார்டில் அதற்கென்று உள்ள ஃபோல்டரில், அது எதிர்பார்க்கும் பெயரில் வைத்தால்தான் எடுத்துக்கொள்ளும். இது எனக்கு அப்போது தெரியாது. விற்றவருக்கே போன் செய்தேன்.

"அண்ணே, நீங்க எதுக்குச் சிரமப்படணும், கருவியைக் கழட்டிக் கொண்டாங்க, அஞ்சே நிமிஷம்" என்றார். கொண்டுபோனேன். ஐந்து நிமிடம் என்றது மறுநாள் சாயங்காலம் ஆனது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் கடலுக்குப் போனபோது முதலில் நான் தேடியது எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பார் (கடலடிப் பாறைத்திட்டு). அவர் கோப்பிலும் அது இருந்தது. ஆனால் திரையில் குறி நிற்கிற இடத்துக்குப் போனால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரில் கடல்தரை சமமாக, மேஜை மாதிரி ஓடுகிறது. பாறையும் இல்லை, மீனும் இல்லை. என் பழைய நோட்டில் அந்தப் பாரின் எண் இருந்தது. பாகையை விட்டுவிட்டு நிமிடத்தை மட்டும் சொல்கிறேன் (இடத்தைச் சொல்ல நான் என்ன பைத்தியமா): 15.45. திரையில் இருந்தது 15.750.

கொஞ்ச நேரம் முழித்துவிட்டுத்தான் புரிந்தது. 15.45 நிமிடம் என்பதை அவர் 15 நிமிடம் 45 விநாடி என்று எடுத்துக்கொண்டு ஏற்றியிருக்கிறார். 45 விநாடி என்பது முக்கால் நிமிடம், அதனால் 15.75. வித்தியாசம் 0.30 நிமிடம்தானே என்று தோன்றும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். 0.30 நிமிடம் என்றால் ஏறக்குறைய 556 மீட்டர். பார் அரைக் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்க, நான் வெறும் மணல்மேல் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். எழுதிக் கொடுத்த பட்டியலில் புள்ளிக்குப் பின் வரும் இரண்டு இலக்கம் எங்காவது 60-ஐத் தாண்டினால் அது விநாடி இல்லை, தசம நிமிடம். விநாடி 59-க்கு மேல் போகாது. ஜிபிஎக்ஸ் கோப்பை நோட்பேடிலேயே திறக்கலாம், உள்ளே வெறும் எழுத்துதான். அதில் எல்லாமே தசமப் பாகையில் இருக்கும். புள்ளிக்குப் பின் ஐந்தாறு இலக்கம் இருந்தால் கருவியில் பதிந்ததாக இருக்கலாம். எல்லாமே மூன்று இலக்கத்தோடு நின்றால் யாரோ சுருக்கியதாக இருக்கும். அந்த மூன்றாம் இலக்கம் ஒன்று நகர்ந்தாலே 111 மீட்டர் நகரும். அவர் கோப்பில் எல்லா வகையும் கலந்து கிடந்தது. கணினியில் கூகுள் எர்த்தில் போட்டுப் பார்த்தபோது ஏழு பாயின்ட் கடலிலேயே இல்லை, நிலத்தில் இருந்தன. ஒன்று மலைச்சரிவில்.

சரி, காசு போச்சு, பரவாயில்லை, நம் பாயின்டுக்கே போவோம் என்று என் பட்டியலைத் திறந்தேன். ஒன்றுமில்லை.

பதினாறு வருடத்தில் சேர்த்தது, 340 குறி. வலை சிக்கிய இடம், ஒரே ஒருமுறை பெரிய மீன் ஏறிய இடம், திரும்பும் வழியில் நீருக்குள் தலையை ஒளித்துக்கொண்டிருக்கும் ஒரு பாறை. நோட்டில் இருந்தவை 11 மட்டும். மற்றதெல்லாம் கருவிக்குள். நகல் எடுத்து வைக்கவில்லை, அது என் முட்டாள்தனம், அதை மறைக்கப் போவதில்லை.

கார்டிலிருந்து ஏற்றும்போது கருவி இரண்டு வழி கேட்கும். கார்மின் நிறுவனத்தின் படகுக் கருவிகளில் 'மெர்ஜ்', 'ரீப்ளேஸ்' என்றே இருக்கும். மெர்ஜ் கொடுத்தால் புதியது பழையதோடு சேரும். ரீப்ளேஸ் கொடுத்தால் உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் புதியது உட்காரும். இவர் ரீப்ளேஸை அழுத்தியிருக்கிறார். கேட்டேன். "கருவி வரும்போதே காலியாத்தாண்ணே இருந்துச்சு" என்று கூசாமல் சொன்னார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

அன்று இரவாகித்தான் திரும்பினேன். அந்தப் பாறைக்குறி இல்லாமல், நினைவை வைத்து, என்ஜினை முனக விட்டு, ஆளை முன்னால் உட்காரவைத்து டார்ச் அடித்துக்கொண்டு வந்தோம். மீன் கிடைக்காததை மறந்துவிடலாம். அந்த அரைமணி நேரத்தை மறக்க முடியாது.

இதுவரை சொன்னது கவனக்குறைவு என்று வைத்துக்கொண்டாலும், அப்புறம் நடந்தது அப்படி இல்லை. போன மாதம் நண்பர் ஒருவர் புதிதாக ஒரு கோப்பு வாங்கியிருந்தார். என் கதை தெரிந்தவர் என்பதால், ஏற்றும் முன் பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். விற்றது அதே ஆள். நோட்பேடில் திறந்து பெயர்களை ஓட்டிக்கொண்டே வந்தேன். 'சித்தப்பா பார்', 'பாதிவழி', 'பழைய ரேடியோ'. விற்பனைக்குத் தயாரித்தவர் வைக்கிற பெயரா இவை? யார் யாருடைய கருவியிலிருந்தோ உருவியவை. இன்னும் கீழே வந்தால் 'கண்ணாடிபோச்'.

அது நான் வைத்த பெயர். என் மூக்குக்கண்ணாடி கடலில் விழுந்த இடம். அப்போது வைத்திருந்த கருவி பத்து எழுத்துக்கு மேல் ஏற்காது, அதனால் ஆங்கில எழுத்தில் 'கண்ணாடிபோச்' வரைக்கும் அடித்து நின்றுவிட்டது, 'சு' ஏறவில்லை. கருவி மாறியபோதும் அந்தப் பெயரைத் திருத்தவில்லை. உலகத்தில் வேறு எவனும் ஒரு பாருக்கு அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டான்.

ஆக, 'காலியாக வந்தது' என்று சொன்ன கருவியிலிருந்து அவர் முதலில் எல்லாவற்றையும் நகலெடுத்திருக்கிறார், அதற்குப் பிறகுதான் துடைத்திருக்கிறார். கழட்டிக் கொண்டுவரச் சொல்வதும், ஐந்து நிமிட வேலைக்கு ஒரு இரவு வைத்துக்கொள்வதும் எதற்கென்று இப்போது புரிகிறதா? யாராவது உங்கள் கருவியைக் கேட்டால் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஜிபிஎஸ்பேபல் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, லோரன்ஸ் கருவிகளின் யூஎஸ்ஆர் கோப்பு உட்படப் பல வகைகளுக்கு மாற்றித் தரும். கருவியைக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், குறிகளை ஒரு கார்டில் சேமித்துக் கணினியிலும் ஒரு நகல் போட்டு, கருவியில் இருப்பதை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

நண்பரின் கோப்பிலிருந்து என்னுடையதைப் பொறுக்கி எடுத்தேன், இரண்டு நாள் பிடித்தது. 312 கிடைத்தன. நேராகக் கருவியிலிருந்து எடுத்தவை என்பதால் எண்கள் ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. திருடியவரிடமிருந்து நண்பர் காசு கொடுத்து வாங்கி, என் பொருளை எனக்கே தந்த கணக்கு. நண்பர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கிடைக்காத 28-இல் அந்தப் பாறையும் ஒன்று. மீன் இல்லாத பாயின்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்று எடுத்துவிட்டார் போல. போன வாரம் நீர் வற்றிய நேரமாகப் பார்த்துப் போய், அது தலைகாட்டியபோது எட்ட நின்றபடியே சுற்றிவந்து, நான்கு பக்கமும் நான்கு குறி வைத்துவிட்டு வந்தேன்.