கைலென்ஸா, மைக்ராஸ்கோப்பா?

பழைய வட ஆற்காட்டில், திருப்பத்தூர் பக்கம் இருக்கும் செவ்வாத்தூர்ப் பாறை கார்பனடைட்டா (மாக்மா உறைந்து உண்டான கார்பனேட் பாறை), பளிங்குக்கல்லா என்று சொல்லக் கைலென்ஸ் போதாது. பத்து மடங்கு பெருக்கினால் வெளிறிய படிகங்கள் தெரியும். அமிலம் விட்டால் நுரைக்கும். கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், சரி. ஆனால் பளிங்குக்கல்லும் இதையேதான் செய்யும்!

மைக்ராஸ்கோப்புக்கு வேலை அதிகம். கல்லை 0.03 மில்லிமீட்டர் சீவலாகத் தேய்ப்பதற்குள் பொறுமை போய்விடும். அப்புறம் குறுக்குப் போலராய்டுகளுக்கு (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த ஒளி வடிகட்டிகளுக்கு) நடுவே சுழற்றினால் கால்சைட் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணையும். பைரோகுளோர் மணி மட்டும் எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே நிற்கும். நியோபியம் தாங்கிய இந்தக் கனிமம், சுண்ணாம்புக்கல் உருமாறிய பளிங்கில் வழக்கமாக வராது. மாக்மாவிலிருந்து உறைந்த கார்பனடைட் என்பதற்கு வலுவான சாட்சி இது.

மலையேறும்போது எனக்கு லென்ஸ்தான். ஏலகிரியின் சையனைட் (syenite) என்ற மாக்மாப் பாறையில் குவார்ட்ஸ் குறைவு என்று பார்க்க அதுவே தாராளம்.