கர்ப்பத்தில் காய்ச்சல்: வீட்டில் மல்லித்தண்ணியா, உடனே ஆஸ்பத்திரியா?

மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கும் வந்துவிடும். "ஒருநாள் பாப்பமே" என்று காத்திருக்கும் கர்ப்பிணிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செலவு: மல்லித்தண்ணிக்குச் சில ரூபாய். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், ஓட்டோக் காசு மட்டும்.

வசதி: வீட்டில் படுத்திருக்கலாம். அங்கே காத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு: இங்கேதான் பெரிய வித்தியாசம். பிள்ளையின் மரபணுவில் பாதி தகப்பனுடையது. தாயின் உடல் அதை அந்நியமாக நினைத்துத் தாக்காதபடி, புரோஜெஸ்தரோன் என்ற கர்ப்பகால ஹோர்மோன் சில எதிர்ப்புச் செல்களின் வேகத்தைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹோர்மோனோ, கிருமியோடு போராடும் பிறபொருளெதிரிகள் உருவாவதைத் தூண்டுகிறது. ஆக, எதிர்ப்புச் சக்தி போய்விடவில்லை, திசை மாறியிருக்கிறது. ஆனாலும் இன்புளுவென்சா போன்ற வைரசுகள் இந்த நேரத்தில் கடுமையாகலாம். டெங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால், டெங்கின் ஆபத்தைக் காட்டும் இரத்தத் தடிப்பு பரிசோதனையில்கூட எளிதில் பிடிபடாது. வீட்டில் இருந்தால் எப்படித் தெரியும்?

தும்மல், மூக்கடைப்பு மட்டும் என்றால் மல்லித்தண்ணியும் ஓய்வும் போதும். காய்ச்சல் என்றால் முதல் நாளே ஆஸ்பத்திரி. அதுவரை அளவாகப் பனடோல் சரி, இபுபுரோஃபன் என்ற வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம்.