7 பாகை அகலக்கோட்டில் சீஸ்டார் எஸ்50: மலையக முற்றத்திலிருந்து கேலக்ஸிகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வீட்டு முற்றத்தில் வைத்து மங்கலான கேலக்ஸிகளைப் பிடிக்க, தானே வானப் பொருளைத் தேடிப் பின்தொடர்ந்து படமெடுக்கும், இரண்டரைக் கிலோ எடையுள்ள சீஸ்டார் எஸ்50 என்ற இந்தச் சிறு தொலைநோக்கி நம்பி வாங்கக்கூடியது. வில்லை 50 மி.மீ., குவியத் தூரம் 250 மி.மீ. சிம்மத்தின் எம்65, எம்66, என்ஜிசி 3628 ஆகிய மூன்று கேலக்ஸிகளும் ஒரே படத்தில் அடங்கும். கன்னியின் எம்104 கேலக்ஸி குறுக்கே 200 பிக்சல் அளவுதான் வரும். அதன் கரிய தூசிப்பட்டை தெரியும், நுணுக்கம் வராது.

வாங்குபவர்கள் முதலில் தேடிப்போவது இக்யூ மோடை, அதாவது படம் சுழலாமல் இருக்கக் கருவியைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் முறையை. நமக்கு அது சங்கடம். அகலக்கோடு 7 பாகை என்பதால் கருவியை வடக்கே 83 பாகை சாய்க்க வேண்டும், கிட்டத்தட்டப் படுக்கை. முக்காலியின் ஒரு கால் நேர் வடக்கே நீளாவிட்டால் அப்படியே கவிழும்.

சிம்மம், கன்னி கேலக்ஸிகளுக்கு அந்தப் பாடு தேவையே இல்லை. அவை ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து தலைக்கு மேலாகப் போகின்றன. கருவியைச் சாய்க்காமல் வைத்தால் வானம் நகர நகரப் படம் மெல்லச் சுழலும். ஆனால் சிம்மத்து எம்65, எம்66 கிழக்கில் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது அந்த வேகம் மணிக்கு 4 பாகைதான். சாய்க்காத சாதாரண மோடிலேயே ஒரு படத்துக்கு 20, 30 செக்கன் ஒளி வாங்கினாலும் தாங்கும். 70 பாகையைத் தாண்டினால் சுழற்சி மணிக்கு 13 பாகைக்கு மேல் ஏறி, உச்சியை நெருங்க நெருங்க இன்னும் கூடும். அங்கே நிறுத்தி, மேற்கே இறங்கியதும் தொடருங்கள். தெற்கு வானத்து எம்83 கேலக்ஸியின் கதை வேறு: நேர் தெற்கில் 53 பாகை உயரத்தில் நிற்கும்போது மணிக்கு 25 பாகை சுழலும். 30 செக்கன் விட்டால் மூலை விண்மீன்கள் கோடாகும். 10 செக்கனே சரி.

உள்ளே இருக்கும் ஒளிமாசு வடிகட்டியைக் கேலக்ஸிக்குப் போடாதீர்கள். அது நெபுலாக்களின் ஹைட்ரஜன், ஒட்சிசன் ஒளிக்கானது. கேலக்ஸியின் விண்மீன் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். லயத்து விளக்கு நேரே அடித்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது கறுப்பு அட்டையால் மறையுங்கள்.

பனிநீர்தான் இங்கே பெரிய எதிரி. வில்லை நனைந்த பிறகு ஹீட்டர் போட்டால் காய நேரமெடுக்கும், தொடக்கத்திலேயே போடுங்கள். அது 6000 எம்ஏஎச் பெட்டரியை வேகமாகக் குடிப்பதால் பவர் பேங்க் கட்டாயம்.

மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஊவாப் பக்கம் ஜூன், ஜூலையில் வானம் திறந்தாலும் காற்று பலமாக வீசும். முக்காலியைத் தாழ்த்தி வையுங்கள். தனித்தனிப் படங்களைச் சேமிக்கும் தெரிவைப் போட்டுவிட்டு, மூடுபனி கடந்தவற்றைக் கழித்து, மீதியை இலவச சிரில் மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். 20 செக்கனில் 500 படமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் கேலக்ஸியின் மங்கலான சுருள் கைகள் படத்தின் புள்ளி இரைச்சலில் கரையக்கூடும்.

ஈரத்தோடு பைக்குள் மூடினால் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து, காற்றாட விட்டு, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.