அமெரிக்கக் குத்துச்சண்டை சாம்பியன்களில் யார் சிறந்தவர்: ஜோ லூயிஸா, முகமது அலியா?

கோவை, திருப்பூர் பக்கம் குத்துச்சண்டை பழகும் பசங்களிடம் கேட்டால் பெரும்பாலும் "அலிதானுங்க" என்றே பதில் வரும். 1980-ல் சென்னைக்கே வந்து காட்சிச் சண்டை போட்டவர் என்ற பாசமும் அதில் உண்டு. ஆனால் கைத்திறனை மட்டும் பார்த்தால் என் ஓட்டு லூயிஸுக்கு.

லூயிஸின் குத்துக்கு அரை அடி தூரம் போதும். பாதம், இடுப்பு, தோள் மூன்றும் சேர்ந்து திரும்பும். இடது ஜாப் (கையை நேராக நீட்டி விடும் வேகக் குத்து) போன வழியிலேயே வலது கை இறங்கும். ஜாப் விட்டதும் லூயிஸின் இடது கை தாழ்கிறது என்று கண்டுபிடித்து, 1936-ல் ஜெர்மனி வீரர் மேக்ஸ் ஷ்மெலிங் அவரை வீழ்த்தினார். 1938-ல் அதே ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே முடித்தார் லூயிஸ். ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) உலகப் பட்டத்தை 25 முறை காத்தவர்.

அலி கையைத் தாழ்த்தி, தலையைப் பின்னால் சாய்த்தே தப்புவார். முறைப்படி அது தப்பு. கண்ணும் காலும் அதை ஈடுகட்டின. 1971-ல் ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) 15-வது சுற்றில் அலியைத் தரையில் தள்ளியது. உடனே எழுந்தார் பாருங்கள், அந்த நெஞ்சுரம் யாருக்கு வரும்!

இருவரும் மோதினால்? நகர்வின் வேகத்தால் அலிதான் ஜெயிப்பார். சரி, புதிதாகப் பழகும் தம்பிகள் யாரைப் பார்ப்பது? லூயிஸைத்தான். அலியின் கண்ணும் காலும் எல்லோருக்கும் வாய்க்காது.