மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களே, கிளட்ச் மாற்றும் முன் ஃபிளைவீலை அளக்கச் சொல்லுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய மோரிஸ் மைனர் கார் ஓட்டுபவர்கள் அவசியம் படியுங்கள். எங்கள் வண்டி, தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த அப்பா வாங்கியது. கிளட்ச் வழுக்குகிறதென்று டவுனில் ஒரு பட்டறையில் விட்டேன். புது செட், கூலி எல்லாம் சேர்த்து 850 வெள்ளி (ரிங்கிட்). எடுத்த அன்றே அடியில் கரகரவென்று சத்தம், வேகம் கூடினால் வண்டியே அதிர்ந்தது. திரும்பப் போய்க் கேட்டால், "பழைய வண்டிண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்று முதலாளி கைகழுவிவிட்டார்.

ஈப்போவில் வேறொரு மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கிக் காட்டியபோது வயிறு எரிந்தது. 'மைனர் 1000' என்ற ஒரே பெயரில் இரண்டு எஞ்சின் வந்தது. 1956-இல் வந்த 948 சிசிக்கு 6¼ அங்குல கிளட்ச், 1962-இல் வந்த 1098 சிசிக்கு 7¼ அங்குலம். எங்களுடையது 948. பெயரை மட்டும் சொல்லிப் பெரிய செட்டை வரவழைத்திருக்கிறார்கள். கிளட்ச் கவரின் போல்ட் துளைகள், எஞ்சினுக்குப் பின்னால் சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலோடு சேரவில்லை. சரி, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டாமா? கை டிரில்லால் புதுத் துளை போட்டிருக்கிறார்கள்! ஒரு துளை பழைய துளைக்குள் உடைந்து கோணலாகக் கிடக்கிறது. கவரை மையத்தில் பிடிக்கும் டவல் பின் ஒன்றுகூட இல்லை. மையம் விலகிய அந்தக் கவர், கிளட்சைச் சுற்றி மூடியிருக்கும் உலோகக் கூடான பெல் ஹவுசிங்கின் உட்சுவரை உரசி உரசி அங்கே பளபளவென்று பள்ளம் விழுந்திருந்தது.

ஃபிளைவீல் எஞ்சின் வேகத்திலேயே சுற்றுவது. ஓடும்போது போல்ட் அறுந்திருந்தால் ஹவுசிங் பிளந்து முன்சீட்டில் இருப்பவர் காலுக்குத்தான் ஆபத்து. அங்கே உட்காருவது என் அம்மா.

எஞ்சின் தகட்டில் எண் '9எம்' என்று தொடங்கினால் 948, '10எம்ஏ' என்றால் 1098. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், இத்தனை வருடத்தில் எஞ்சினோ கியர்பாக்ஸோ மாறியிருக்கலாம். கழற்றிய கிளட்ச் பிளேட்டின் விட்டத்தை நீங்களே அளந்து பாருங்கள்: சின்னது சுமார் 159 மில்லிமீட்டர், பெரியது 184. புது கவரை வெறும் ஃபிளைவீல்மேல் வைத்து, துளை சேர்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையதை "தூக்கிப் போட்டாச்சு" என்றுவிட்டார்கள்.

ரசீதும் படங்களும் இருக்கின்றன, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அப்புறம், துளை கெடாத 948 ஃபிளைவீல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து அளந்து வாங்கிக்கொள்கிறேன்.