உயரமான சரவுண்ட் ஸ்பீக்கர் ஸ்டாண்ட்: மட்டக்களப்புக் கரையோர வீட்டில் எது நின்று பிடிக்கிறது

5.1 செட் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட ஹோம் தியேட்டர்) வாங்கிய பல வீடுகளில் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் ஒன்று அலுமாரிக்கு மேல், மற்றது யன்னல் கட்டில் என்று போய்க் குந்திவிடும். சுவரில் அடிக்கலாம்தான். ஆனால் வாடகை வீட்டில் துளை போட விடமாட்டார்கள். கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் உப்புப் பூத்த பூச்சில் ரோல் பிளக் (திருகாணி பிடிக்கச் சுவருக்குள் செருகும் பிளாஸ்டிக் கூடு) ஒரு மாரியோடு இளகி, தொட்டால் மண்ணாகக் கொட்டும். மண்டபத்தின் ஒரு பக்கம் குசினிக்குத் திறந்திருந்தால் அங்கே சுவரே இல்லை. அப்போது உயரமான ஸ்டாண்ட்தான் வழி.

முதலில் உயரம். செற்றியில் இருப்பவரின் காது நிலத்திலிருந்து ஏறத்தாழ 1 மீற்றர். சாதாரண 5.1க்கு ஸ்பீக்கர் அதைவிட 60–70 செ.மீ. மேலே, அதாவது 1.6–1.7 மீற்றரில் இருப்பது நல்லது. மூன்று பேர் இருக்கும் செற்றியில் ஓரத்தில் இருப்பவருக்கு ஸ்பீக்கர் 60 செ.மீ. தள்ளி, மறு ஓரத்தவருக்கு 2.2 மீற்றர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். காது மட்டத்தில் வைத்தால் இருவருக்கும் இடையே கணக்குப்படி 11 டெசிபெல் வித்தியாசம் வரும். 70 செ.மீ. உயர்த்தினால் அது 8 ஆகக் குறையும். செற்றியின் முதுகும் பக்கத்தில் இருப்பவரின் தலையும் ஒலியை மறைக்காது. இடத்தைப் பொறுத்தவரை, டிவியை நேரே பார்த்திருப்பவருக்கு 110–120 பாகையில், பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னே வர வேண்டும். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டொல்பி அட்மோஸ் செட் என்றால் இந்த உயரம் வேண்டாம். சரவுண்ட் காது மட்டத்தை ஒட்டியே இருந்தால்தான் மேலிருந்து வரும் ஒலி தனியாகப் பிரிந்து கேட்கும்.

கடையில் ஹோம் தியேட்டர் ஸ்டாண்ட் என்று விற்பவற்றில் மலிவானவை பெரும்பாலும் ஒரு மீற்றரைச் சுற்றித்தான் நிற்கும். குழாயை நீட்டி உயர்த்தினால் அடித்தட்டு காணாது. கல்யாண வீட்டுக் கமராக்காரர் பாவிக்கும் லைட் ஸ்டாண்ட் 2 மீற்றர் வரை போகும், விலையும் தாங்கும். ஒன்றரைக் கிலோவுக்கு உட்பட்ட சின்ன ஸ்பீக்கருக்கு அது போதும். அதன் பலவீனம் பிளாஸ்டிக் திருகுப் பிடி. நாள் போகப்போக இறுக்கம் குறைந்து குழாய் மெல்லக் கீழே இறங்கும். இறங்கும் உள்குழாயில், மூட்டுக்கு நேர் மேலே ஒரு ஹோஸ் கிளிப்பைப் பூட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீரும். கால் மூன்றும் விரிந்து நிற்பதால் நடக்கும் வழியில் வைக்க முடியாது. சவுண்ட் சேர்விஸ்காரரின் முக்காலி ஸ்டாண்ட் பலத்தில் குறை சொல்ல முடியாதது. பழையது கிடைத்தால் வாங்கலாம், ஆனால் சின்ன மண்டபத்தில் அது பாதி இடத்தைப் பிடித்துவிடும். பி.வி.சி. குழாயில் மணல் நிரப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். இந்த உயரத்தில் அது ஆடும், வெயில் படும் பக்கம் வளையவும் செய்யும்.

எல்லாவற்றையும் ஒப்பிட்டால் குறைந்த செலவில் நீண்ட நாள் நிற்பது ஒரு அங்குல ஜி.ஐ. குழாயும் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) கொங்கிரீட் அடியும்தான். காசைக் கம்பத்தில் கொட்டுவதைவிட அடிப்பாரத்தில் கவனம் வையுங்கள். 3 கிலோ ஸ்பீக்கரை 1.7 மீற்றர் உயரத்தில் ஏற்றி, 25 செ.மீ. சதுரமான 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை அடியில் வைத்தால் (அது சுமார் 3 கிலோ), 8 பாகை சாய்ந்தாலே விழும். உச்சியில் முக்கால் கிலோ அளவு தள்ளினால் போதும். கச்சான் காற்றில் திரைச்சீலை சுற்றி இழுத்தாலே அந்த விசை வந்துவிடும். அதே கம்பத்தை 35 செ.மீ. அகலமான 12 கிலோ கொங்கிரீட்டில் நட்டால் 20 பாகை வரை தாங்கும், தள்ள 2 கிலோ வேண்டும்.

ஒரு அடிக்கு வேண்டியது: சீமெந்து ஒன்றேகால் லீற்றர், ஆற்று மணல் இரண்டரை லீற்றர், சின்னச் சல்லிக்கல் மூன்றேமுக்கால் லீற்றர், தண்ணீர் முக்கால் முதல் ஒரு லீற்றருக்குள். இரண்டு ஸ்டாண்டுக்கும் 4 கிலோ சீமெந்து போதும். கடல் மணல் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு குழாயை உள்ளிருந்தே தின்னும். அச்சுக்குப் பிளாஸ்டிக் பேசின் எடுத்தால் வாயை அளக்காமல் அடியை அளந்து வாங்குங்கள். பேசின் கீழே சுருங்கும், நிலத்தில் நிற்கப்போவது அந்தச் சுருங்கிய பக்கம்தான். 35 செ.மீ. அடி கிடைக்காவிட்டால் தகரப் பட்டியை வளையமாக வளைத்து, பொலித்தீன் விரித்த தரையில் வைத்து 5 செ.மீ. கனத்துக்கு ஊற்றலாம்.

குழாயின் அடியில், முனையிலிருந்து 2 செ.மீ., 3 செ.மீ. உயரத்தில் ஒன்றுக்கொன்று குறுக்காகத் துளைத்து 6 மில்லிமீற்றர் கம்பி இரண்டைச் செருகுங்கள். இது இல்லாவிட்டால் சில மாதங்களில் குழாய் கொங்கிரீட்டுக்குள் சுழலத் தொடங்கும். ஸ்பீக்கரைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் பிடி இன்னும் இளகும். குழாயின் கீழ்வாயைத் துணியால் அடையுங்கள், இல்லாவிட்டால் சாந்து உள்ளே ஏறி வயர் போகும் வழியை மூடிவிடும். ஊற்றியதும் தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து, இரண்டு கதிரைக்கு நடுவே கயிற்றால் கட்டி ஒரு நாள் அசையாமல் விடுங்கள். பிறகு ஈரச் சாக்குப் போட்டு 7 நாள் நனைக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டாம் நாளே தூக்கினால் குழாயைச் சுற்றி வெடிக்கும்.

அடியில் மூன்று ரப்பர் கால் ஒட்டுவது பெரிய தவறு. மூன்று காலின் நடுவே விழும் பக்கத்தில் தாங்கும் தூரம் பாதியாகிவிடும். 20 பாகை வாங்கக் கஷ்டப்பட்டதெல்லாம் அதோடு போய்விடும். விளிம்பைச் சுற்றி ஆறு துண்டாவது ஒட்டுங்கள். பழைய ரியூப் ரப்பர் வெள்ளை டைல்ஸில் கறுப்புக் கறை வைக்கும், அந்தக் கறை போகாது. கம்பளித் துணித் துண்டே மேல்.

உச்சிக்கு வெல்டிங் தேவையில்லை. குழாய் முனையில் மரை வெட்டி, பிளேஞ்ச் (துளைகள் உள்ள வட்டத் தட்டு) திருகி, அதன்மேல் 12க்கு 15 செ.மீ. பிளைவூட் பலகை பூட்டலாம். பலகையின் பின்பக்கத்தில் 4 செ.மீ. ஆப்பு வைத்தால் ஸ்பீக்கர் முகம் 15 பாகை கீழ் நோக்கும், அது போதும். பல சின்ன ஸ்பீக்கர்களின் முதுகிலோ அடியிலோ கால் அங்குல மரைத்துளை இருக்கும், அதில் போல்ட் போடுங்கள். துளை இல்லையென்று பெட்டியை நீங்களே துளைக்காதீர்கள், உள்ளே இருப்பது பழுதாகலாம். பெல்ட் பட்டியால் கட்டுவது பாதுகாப்பு.

வயர், அம்ப்லிஃபயரிலிருந்து 10 மீற்றர் ஓடுவதென்றால் 1.5 சதுர மில்லிமீற்றர் எடுங்கள். 24/0.20 வயரும் (0.20 மில்லிமீற்றர் இழை 24 கொண்டது) பாடும், ஆனால் அந்தத் தூரத்துக்கு அரை ஓம் அளவு தடை சேரும். கொங்கிரீட்டுக்கு 10 செ.மீ. மேலே 10 மில்லிமீற்றர் துளை போட்டு உள்ளால் இழுங்கள். துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி ரப்பர் வளையம் போடாவிட்டால் வயர்த் தோல் அறுந்து ஷோர்ட் ஆகும். குழாய் கணகணத்தால் வயரோடு சேர்த்துப் பழந்துணி திணியுங்கள். மணலை விட அதுதான் வசதி, வயரை மாற்ற வேண்டி வந்தால் உருவலாம்.

நீண்ட பாவனையில் தெரிவது, ஜி.ஐ. குழாயும் எங்கள் கடற்காற்றில் சும்மா விட்டால் தப்பாது. துரு பிடிப்பது நாகப்பூச்சு போன இடங்களில்: வெட்டிய முனை, மரை, துளை விளிம்பு, கொங்கிரீட்டிலிருந்து குழாய் வெளிவரும் கழுத்து. அங்கெல்லாம் அன்டிகொரோசிவ் பெயின்ட் இரண்டு கை. நிலம் கழுவும்போது கழுத்தில் தண்ணீர் தேங்காதபடி கொங்கிரீட்டை நடுவில் சற்று உயர்த்தி விடுங்கள். திறந்த துளைகளில் குளவி மண்கூடு கட்டும், பஞ்சு வைத்து அடையுங்கள். வெறும் செப்பு முனை பச்சை பிடித்து ஒரு பக்கம் மெலிவாகக் கேட்கும். முனையை ஈயம் பூசி வையுங்கள், புரட்டாசியில் ஒரு தடவை, தை பிறந்த பின் ஒரு தடவை கழற்றித் துடையுங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் 20 பாகையும் போதாது. பிளேஞ்சுக்குக் கீழே தடித்த தங்கூசியால் (தூண்டில் நைலோன் நூல்) ஒரு சுற்றுச் சுற்றி, யன்னல் கம்பியோடு தளர்வில்லாமல் கட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை குழாயைப் பிடித்து இழுத்தாலும் ஸ்பீக்கர் தலையில் விழும் ஆபத்துக் குறையும்.