அத்தை உட்காரும் வரிசை: ஸ்கார்பியோ-என்னா, எக்ஸ்யூவி 700-ஆ?

எங்கள் வீட்டில் ஏழு பேர். அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான், மனைவி, பிள்ளைகள் இருவர். தம்பி குடும்பம் அடுத்த தெருவில் இருக்கிறது. ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம் என்று பேச்சு எழுந்ததும் தம்பி ஸ்கார்பியோ-என் என்றான், நான் எக்ஸ்யூவி 700 என்றேன். புதிது வாங்கும் அளவுக்குக் கையில் பணமில்லை. மூன்று நான்கு வருடம் ஓடிய டீசல் வண்டி என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. பழையதில் தேடியதால்தான் 700 எங்கள் பட்டியலிலேயே இருந்தது. புதிது என்றால் 2026 ஜனவரி முதல் அதன் இடத்துக்கு 7எக்ஸ்ஓ வந்துவிட்டது.

இரண்டும் மஹிந்திராவின் வண்டிகள். 700 வந்தது 2021 ஆகஸ்டில், ஸ்கார்பியோ-என் வந்தது 2022 ஜூனில். அறிமுகத்தின்போது இரண்டின் தொடக்க விலையும் 11.99 லட்சம்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரமும் இரண்டிலும் ஒன்றே, 2750 மில்லிமீட்டர். டீசல் எஞ்சினும் ஒரே 2.2 லிட்டர் எம்ஹாக் குடும்பம். இத்தனை ஒற்றுமை இருந்தும், ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறினால் வேறு உலகமாக இருக்கிறது. காரணம் அடியில் இருக்கிறது.

ஸ்கார்பியோ-என் லேடர் ஃப்ரேம் வண்டி. நீளவாக்கில் இரண்டு எஃகு விட்டங்கள், இடையிடையே குறுக்குச் சட்டங்கள். பார்ப்பதற்கு ஏணிதான். அதன் மேல் உடற்கூட்டைத் தனியாக ஏற்றி முடுக்கியிருக்கிறார்கள். நம் பழைய கூண்டு வண்டியும் அப்படித்தானே: கீழே சட்டம் தனி, மேலே கட்டிய கூண்டு தனி. 700-இல் இந்தப் பிரிவு கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்ததே சட்டம். இதைத்தான் மோனோகாக் என்கிறார்கள். ஏணி இல்லாததால் தரை தாழ்ந்து நிற்கிறது. உயரம் ஸ்கார்பியோ-என்னில் 1857, 700-இல் 1755. 10 சென்டிமீட்டர் வித்தியாசம். காகிதத்தில் அது சின்ன எண். முழங்கால் தேய்ந்த எழுபது வயதுக்காரருக்கு அது பெரிய படி.

வண்டி பார்க்கப் போகும் வழக்கத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஓட்டப் போகிறவர் முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கிறார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். கடைசி வரிசையில் மூன்று மணி நேரம் போகப் போகிற ஆளை யாரும் கடைக்கு அழைத்துப் போவதே இல்லை. எங்கள் வீட்டில் அந்த இடம் அத்தைக்கு. பழைய வண்டியில் அவர் ஒருநாளும் வேறு இருக்கையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பை. கேட்டால், "எனக்கு இதுவே வசதி" என்பார். இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திங்களூரில் தொடங்கி ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் பார்த்துத் திருநள்ளாற்றில் முடிக்கலாம். ஒன்பது கோயில் என்றால் 9 முறை இறங்கி 9 முறை ஏற வேண்டும். கடைசி வரிசைக்காரருக்காக நடு இருக்கை 18 தடவை மடங்க வேண்டும். ஸ்கார்பியோ-என்னில் முதலில் உயரமான தரைக்கு ஏறி, பிறகு குனிந்து பின்னால் நகர வேண்டும். பக்கவாட்டில் ஃபுட்போர்டு மாட்டினால் முதல் பாதி எளிதாகிவிடும், இரண்டாம் பாதி அப்படியே இருக்கும். 700-இலும் குனிந்துதான் போக வேண்டும், ஆனால் தொடக்கமே தாழ்வாக இருக்கிறது. அத்தை முதல் வண்டியில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதில் கதவின் கைப்பிடி போதுமானதாக இருந்தது.

உட்கார்ந்த பிறகு? உள்ளதைச் சொல்கிறேன். இரண்டிலுமே மூன்றாம் வரிசை நெட்டையான ஆளுக்கு ஆகாது. தொடை இருக்கையில் படியாமல் முழங்கால் மேலே தூக்கி நிற்கும். அத்தை போலச் சிறிய உடம்புக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் அது. ஆனால் 700-இல் அந்த வரிசைக்கென்று ஏசி துவாரங்கள் இருக்கின்றன. காற்றின் வேகத்தைப் பின்னால் இருப்பவரே கூட்டிக் குறைக்கலாம். ஸ்கார்பியோ-என்னில் துவாரம் நடு வரிசையோடு நின்றுவிடுகிறது. சித்திரை மாதம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று தெரியும். முன்னால் இருப்பவர் குளிர்கிறது என்று ஏசியைக் குறைப்பார், பின்னால் இருப்பவர் முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார். குறைத்தவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

அடுத்தது சாமான். ஏழு பேரும் ஏறிவிட்டால் இரண்டு வண்டியிலும் டிக்கி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது வெண்கலப் பானை, அரிசி, வெல்லம், தேங்காய், மாலை, விரிக்க ஜமக்காளம் என்று எத்தனை இருக்கிறது! இங்கே 700-க்கு ஒரு நல்ல குணம். அதன் கடைசி இருக்கைகள் இரண்டும் தனித்தனியாக மடங்கித் தரையோடு தரையாகப் படுத்துவிடும். ஒன்றை மடக்கிப் பானையை வைத்து, மற்றதில் ஒருவர் உட்காரலாம். ஸ்கார்பியோ-என்னில் அந்த இருக்கை முழு பெஞ்சாகத்தான் மடங்கும். மடங்கிய பிறகும் படுக்காது, முன்பக்கமாகக் கவிழ்ந்து நின்று இடத்தை அடைக்கும். விதைநெல் மூட்டையை நீளவாக்கில் தள்ளி வைக்க முடியாது என்பதை இதைப் பார்த்த பிறகுதான் தம்பி ஒப்புக்கொண்டான்.

ஆனால் தம்பியின் வாதத்தை லேசாகத் தள்ள மாட்டேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, ஐப்பசியில் வாய்க்கால் கரையில் எது ஏறும்?"

காவிரிப் படுகையில் மலையில்லை, பாறையில்லை. சேறுதான் இருக்கிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துக் களிமண் மழை பெய்த மறுநாள் டயரின் வரிகளை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு டயர் சோப்புக்கட்டியைப் போல வழுக்கும். (ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் மண் இளக்கமானது, நீர் வடிந்துவிடும். அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) வயல் தடத்திலிருந்து கரைக்கு ஏறும் சரிவில் வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது. 700-இல் எஞ்சின் திருப்புவது முன்சக்கரங்களை. அவற்றின் மேல் இருந்த பாரம் அந்த நேரத்தில் குறைகிறது, பிடிப்பும் குறைகிறது. ஸ்கார்பியோ-என்னில் திரும்புபவை பின்சக்கரங்கள். ஆட்கள் ஏற ஏற அங்கே அழுத்தம் கூடுகிறது. அடிப்பக்கம் ஏணிச் சட்டம் இருப்பதால் வரப்பில் இடித்தாலும் தாங்கும். நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால், ஸ்கார்பியோ-என் டீசலில் தாழ்ந்த கியர் வரிசையோடு (மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும் கியர்) கூடிய முழுமையான ஏற்பாடு கிடைக்கிறது. 700-இல் உயர்ந்த ரக ஆட்டோமேட்டிக் டீசலில் மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிறது, தாழ்ந்த கியர் கிடையாது. இந்த இடத்தில் வாதமே இல்லை. தார்ச்சாலை முடிந்து கரைமேல் அரை மைல் போனால்தான் வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கார்பியோ-என் வாங்குங்கள். கார்த்திகை அடைமழையில் நள்ளிரவு ஒருவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தால் அந்த அரை மைல்தான் முக்கியம்.

எங்கள் தெரு சிமென்ட் சாலை. வயலுக்குத் தம்பி மொபெட்டில் போகிறான், மூட்டை ஏற்ற டிராக்டர் இருக்கிறது. போன வருடம் பழைய வண்டி எத்தனை தடவை வயல் தடத்தில் இறங்கியது என்று எண்ணச் சொன்னேன். விரல்விட்டு எண்ணி ஐந்தில் நிறுத்தினான். அத்தை எத்தனை தடவை கடைசி வரிசையில் போனார் என்று எண்ண விரல் போதவில்லை.

இன்னொன்றும் இரண்டு வண்டிக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் மேல் வண்டியை விடாதீர்கள். காய்ந்த தாள் சக்கரத்தண்டில் சுற்றிக்கொள்ளும், சூடேறிய புகைக்குழாய்க்கு அருகில் சேர்ந்தால் தீப்பிடிக்கும். உயரமான வண்டி என்ற தைரியம் இங்கே உதவாது. டீசலில் மற்றொரு பாடும் உண்டு: பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக மூன்று கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது திருச்சி வரை நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டினால் சூடேறி எரிந்து சுத்தமாகும்.

எஞ்சின் பலத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஸ்கார்பியோ-என் டீசல் தாழ்ந்த ரகங்களில் 132 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு), மற்றவற்றில் 175. 700-இல் 155, 185. சமதரையில் ஏழு பேரோடு போக எல்லாமே போதும். பழையது வாங்குகிறவர்கள் அந்த 132-ஐயும் 175-ஐயும் மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டிதான். ரகத்தின் பெயரைப் பதிவுச் சான்றில் பாருங்கள்.

ஓட்டத்தில் வேறுபாடு தெரிகிறது. வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையில் வளைவுகள் அதிகம். உயரமான ஸ்கார்பியோ-என் அவற்றில் சாய்ந்து நிமிர்கிறது. முன்னால் இருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. பின்னச்சின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். 700-இன் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனியாக அசைகின்றன. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது இழுபடுவதில்லை. மாறாக, பெரிய குழிகளில் வேகம் குறைக்காமல் போகும் தெம்பு ஸ்கார்பியோ-என்னுக்கு உண்டு. இரவில் விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லரை முன்கூட்டியே பார்க்க அதன் உயரமான ஓட்டுநர் இருக்கையும் உதவுகிறது. 700-இன் மேல்ரகத்தில் தடம் விலகினால் எச்சரிக்கும் வசதி இருக்கிறது. கோடே போடாத ஊர்ச்சாலையில் அதற்கு வேலையில்லை. அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

மோதல் சோதனையில் இரண்டுக்கும் குளோபல் என்கேப் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் தந்தது. குழந்தைகள் பாதுகாப்பில் 700-க்கு 4, ஸ்கார்பியோ-என்னுக்கு 3. எனக்கு இரண்டு பிள்ளைகள். அந்த ஒரு நட்சத்திரத்தை நான் கணக்கில் வைத்தேன்.

இவ்வளவும் பேசி 700 என்று முடிவானபோது, முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. சென்னைப் பதிவு, ஓட்டமும் குறைவு, விலையும் குறைவு. தம்பிதான் கடைசி வரிசைக்குப் போய் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தான். சாதாரணமாக வெளியே தெரியாத அந்தக் கடைசி ஒரு முழத்தில் பழுப்பு நிறத்தில் நீர்மட்டக் கோடு. கம்பளத்தைத் தூக்கினால் இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. 2023 டிசம்பரில் சென்னையிலும், அடுத்த இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வண்டிகள் வெள்ளத்தில் நின்றதை நாம் மறந்துவிடுகிறோம். விற்றவர் நீர் புகுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மின்கம்பிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் நிறைந்த இந்தக் காலத்து வண்டியில் அதை மறைத்து விற்பது பெரிய துரோகம். எந்த வண்டியானாலும் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது வண்டி கும்பகோணத்தில் கிடைத்தது. ஏழு இருக்கை, டீசல், மானுவல் கியர். பெல்ட் சுத்தமாக இருந்தது. அத்தை பின்னால் ஏறி, பக்கத்து இருக்கையை மடக்கச் சொல்லித் தன் பையை அதன் மேல் வைத்தார். துவாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் விலை பேசி முடித்து வரும்வரை இறங்கவே இல்லை. வரும் வழியில் வலங்கைமானில் தம்பி நிறுத்தச் சொல்லி, ஆழமான வரி உள்ள டயர் நான்குக்கு விலை கேட்டுக்கொண்டு வந்தான். ஐப்பசிக்குள் மாற்றிவிடச் சம்மதித்திருக்கிறேன்.